மனுசங்கள முன்ன வெச்சு வேலை செய்றது எப்படி? – யாங்கோன் அக்காவோட கேள்வி பதில்

வணக்கம் எல்லாருக்கும். நான் பர்மாவுல யாங்கோன்ல இருக்கேன், 14 வருஷம் ஐராவதி டெல்டா பக்கம் விவசாயிங்களுக்கு சாமான் டிசைன் பண்ற வேலையில இருந்தேன், இப்ப நம்ம கோயில் கமிட்டி, இலவச கிளினிக், தமிழ் வகுப்பு நடத்துறவங்க கூட இருந்து என்னால ஆனத செய்றேன். ஹியூமன் சென்டர்டு டிசைன் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொண்ணா எழுதுறேன்.

யாங்கோன் தங்கச்சி: அக்கா, பேரு பெருசா இருக்கு, சுருக்கமா என்னதுன்னு சொல்லுங்க?

யாருக்கு செய்றியோ அவங்க வீட்டு வாசல்ல இருந்து வேலைய ஆரம்பிக்கிறதும்மா. போய் பாக்கணும், எங்க கஷ்டப்படுறாங்கன்னு புரிஞ்சுக்கணும், கம்மி செலவுல ஒண்ணு செஞ்சு கையில குடுக்கணும், எங்க மக்கர் பண்ணுதுன்னு பாத்து மாத்தி மறுபடி குடுக்கணும். அமெரிக்காவுல ஐடியோன்னு ஒரு டிசைன் கம்பெனி இத ரொம்ப பரப்புச்சு, 2011ல ஐடியோ.ஆர்க்னு சமூக வேலைக்குன்னே தனியா ஒண்ணு ஆரம்பிச்சாங்க, 2015ல களவேலைக்கு ஒரு கையேடும் போட்டாங்க. பேரு அவங்க குடுத்தது, ஆனா நம்ம தையக்காரர் அளவெடுக்காம துணியில கத்திரி வெப்பாரா, அதே வேலைதான்.

பகோ தம்பி: அக்கா, சாயங்கால தமிழ் வகுப்பு வேணுமான்னு 60 வீட்டுல சர்வே எடுத்தோம், எல்லாரும் வேணும்னாங்க. தொறந்து ரெண்டு மாசம் ஆச்சு, 5 பிள்ளைங்க தான் வருது. எங்க தப்பு பண்ணோம்?

தம்பி, நீ கேட்ட கேள்வியிலயே தப்பு இருக்கு. இந்த ஊர்ல பொறந்து வளர்ந்த உனக்கு ஆனாதே பத்தி நான் சொல்லணுமா, எதிர்ல நிக்கிறவங்க மனசு நோகக்கூடாதுன்னு வாயில வர்றத முழுங்கிக்கிறது, பர்மாக்காரங்க கிட்ட மட்டும் இல்ல, நாலு தலைமுறையா இங்க இருக்கிற நமக்கும் அது ஊறிப்போச்சு. கோயில்ல இருந்து ஒரு பையன் நோட்டு பேனாவோட வந்து வகுப்பு வேணுமான்னு கேட்டா யாரு வேணாம்னு சொல்லுவா?

எனக்கு இத கத்துக்குடுத்தது துவாந்தே பக்கத்துல காய்கறி போடுற ஒரு பாட்டி. தெனமும் ரெண்டு பூவாளிய காவடி மாதிரி தோள்ல தூக்கி தண்ணி ஊத்துவாங்க, நாங்க அவங்களுக்கு சொட்டுநீர் குழாயும் மூங்கில் பரண் மேல ஒரு தண்ணித் தொட்டியும் வெச்சுக் குடுத்தோம். எப்படி இருக்கு பாட்டின்னு கேட்டா காவுன்டே, காவுன்டேன்னு (பர்மீஸ்ல நல்லா இருக்குன்னு அர்த்தம்) சிரிச்சாங்க, நாங்களும் ரிப்போர்ட்ல நல்லா இருக்குன்னு எழுதிட்டோம். ஒரு மாசம் கழிச்சு சொல்லாம போனா, அந்தக் குழாய் வேலியில இருந்து வேலிக்கு கொடி கட்டி அது மேல லுங்கி காயுது, பாட்டி பழையபடி பூவாளிய தூக்கிட்டு வர்றாங்க. அன்னைக்கு நான் வாயத் தொறக்கல, பக்கத்துல நின்னு பாத்தேன். தொட்டி வாய் அவங்க தலைக்கு மேல ஒரு சாண் உசரத்துல இருக்கு, நெறஞ்ச வாளிய அவங்க எப்படி அவ்ளோ மேல தூக்குவாங்க? அத யாரும் பாக்கவே இல்ல. பரண இடுப்பளவுக்கு எறக்கினோம், தண்ணி வேகம் கொறையும்னு குழாயையும் சின்னதா வெட்டினோம், அதுக்கப்புறம் கொடி அவுந்துச்சு.

அதனால புடிச்சிருக்கான்னு கேக்காத. நேத்து சாயங்காலம் அஞ்சு மணியில இருந்து பிள்ளைங்க என்ன பண்ணாங்கன்னு கேளு. ஒரு பிள்ள கூட வீட்டுல இருந்து வகுப்பு வரைக்கும் நடந்து பாரு, வழியில கரண்ட் இல்லாத இருட்டு சந்து இருக்கா, நாய் தொரத்துதா, அந்த நேரத்துல அம்மா கடையில கைக்கு ஆள் வேணுமா, நடந்தா தான் தெரியும். வராத பிள்ளைங்க வீட்டுக்குத் தான் முதல்ல போகணும்.

தாட்டோன் அண்ணன்: நம்ம நாட்டுலயே இப்படி பண்ணவங்க இருக்காங்களா?

இருக்காங்க அண்ணே. ப்ராக்சிமிட்டி டிசைன்ஸ், டெபி ஆங் டின், ஜிம் டெய்லர்னு ரெண்டு பேர் 2004ல இங்க ஆரம்பிச்சது. சின்ன விவசாயிங்களுக்கு கால்ல மிதிக்கிற தண்ணி பம்பு செஞ்சு வித்தாங்க, 2012ல சமூகத்துக்காக தொழில் பண்றவங்களுக்கு குடுக்கிற ஸ்கோல் விருது கெடச்சுது. வித்தாங்கன்னு சொன்னேன் பாருங்க, எனக்கு அதுல ரொம்ப புடிச்சதே அது தான். சும்மா குடுத்தா ஆனாதேக்காக வாங்கி மூலையில வெச்சுடுவாங்க, கைக்காசு போட்டு வாங்கணும்னா தேவையில்லாதத வாங்கமாட்டாங்க, நமக்கு உண்மை தெரிஞ்சுடும். ஏழைங்க கிட்ட காசா வாங்குறதுன்னு முதல்ல எனக்கும் கோவம் வந்துச்சு, ஆனா வாங்குறவங்களுக்கு குறை சொல்ற உரிமை வருது, அத நான் கண்ணால பாத்திருக்கேன்.

மோல்மீன் அக்கா: வெளிநாட்டு டோனர் ஒருத்தர் ஒரு மெஷின் தர்றேங்கிறார், வாங்கி எல்லா ஊர்லயும் வெச்சுடலாமா?

ஒரே ஒரு ஊர்ல வெச்சுப் பாருங்க அக்கா. ப்ளேபம்ப் கதை தெரியுமா? பிள்ளைங்க ராட்டினம் சுத்தினா நிலத்தடி தண்ணி மேல ஏறும்னு தென்னாப்பிரிக்காவுல வந்தது, 2006ல அமெரிக்காவுல 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவிச்சாங்க, 2010க்குள்ள 4,000 வைக்கிறதா பேச்சு. பிள்ளைங்க கொஞ்ச நேரத்துல களைச்சுப் போச்சு, பல ஊர்ல பொம்பளைங்க தான் வெயில்ல அத சுத்த வேண்டியதாச்சு, ரிப்பேர் பண்ணவும் ஆள் கெடைக்கல. பாதியிலயே நின்னு போச்சு. தண்ணி எடுக்கிற பொம்பளைங்களோட ஒரு வாரம் இருந்து பாத்திருந்தா அவ்ளோ பணம் போயிருக்காது, நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

யாங்கோன் தம்பி: எங்க கமிட்டி பெரியவங்க 40 வருஷமா நாங்க இப்படித்தான் பண்றோம்ங்கிறாங்க. எப்படி மாத்துறது?

அவங்களுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டாத. கூட்டிட்டுப் போ. ஒரு இலவச கிளினிக்ல டோக்கன் 8 மணிக்கு, டாக்டர் 10 மணிக்கு, ஆனா ஜனங்க விடியக்காலம் 5 மணிக்கே வந்து செருப்ப வரிசையா கழட்டி வெச்சுட்டு நிக்கும். தலைவர் ஐயாவ ஒரு நாள் 5 மணிக்கு அந்த பெஞ்சுல உக்காரச் சொன்னேன், யாருன்னு சொல்லல. பக்கத்துல இருந்த கர்ப்பிணிப் பொண்ணு பசிக்குதுன்னு எழுந்து போனா எடம் போயிடும்னு உக்காந்தே இருந்துச்சு. அவரே மறுநாள் வந்து, முதல் நாள் சாயங்காலமே டோக்கன் குடுத்துடலாம்னாரு, ஒரு வாரம் மட்டும் சோதிச்சோம், இப்ப அது தான் வழக்கம். பெரியவங்க பிடிவாதக்காரங்க இல்லப்பா, ரொம்ப நாளா அந்த பெஞ்சு பக்கம் போகல, அவ்ளோ தான்.

மாண்டலே தங்கச்சி: பலன் இருக்கான்னு எப்படி கணக்கு பாக்குறது?

எத்தன பேர் வந்தாங்கன்னு எண்ணாத, எத்தன பேர் ரெண்டாவது தடவ தானா வந்தாங்கன்னு எண்ணு. அப்புறம் சொல்லாம போய் பாரு, பாட்டி வீட்டுக்கு நான் போன மாதிரி.

பகோ தம்பி மறுபடி: கரண்ட், பஸ் எல்லாம் இப்ப இருக்கிற நெலமையில வீடு வீடா போக முடியலயே, போன்ல பேசலாமா?

பேசு, ஆனா லைன் இருக்கிற நேரம் பாத்து சுருக்கமா. பேசுறத விட போட்டோ கேளு, பிள்ள படிக்கிற எடத்த சாயங்காலம் ஆறு மணிக்கு ஒண்ணு எடுத்து அனுப்பச் சொல்லு. வகுப்புக்கு வராத மூணு வீடு மட்டும் எப்படியாவது நேர்ல போ, மூணு போதும் இப்பத்திக்கு. போயிட்டு வந்து என்ன பாத்தன்னு எனக்கு எழுது தம்பி, நான் காத்துட்டு இருப்பேன்.