மூலைவிட்ட அணி, பட்டை அணி: பைத்தான் கேள்வி-பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பைத்தான் கற்கத் தொடங்கியுள்ள வாசகர்களின் கேள்விகள் இவை. மூலைவிட்ட அணியில் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் செல்லும் கோட்டில் மட்டும் எண்கள் இருக்கும், மற்றவை பூஜ்ஜியம். பட்டை அணியில் அந்தக் கோட்டிலும் அதை ஒட்டிய சில இணைகோடுகளிலும் மட்டும் எண்கள் இருக்கலாம்.

பாலக்கோடு: நம்பை (NumPy என்ற கணக்கீட்டு நூலகம்) இல்லாமல், வெறும் லிஸ்ட் கொண்டு 6×6 பூஜ்ஜிய அணி செய்தேன். மூலைவிட்டத்தில் ஒரே இடத்தில் 1 போட்டால் அந்த நிரல் (column) முழுக்க 1 வருகிறது. ஏன்?

ஒரு நிரையை (row) எழுதி, அந்த நிரை இருக்கும் லிஸ்ட்டை 6 ஆல் பெருக்கியிருப்பீர்கள். அப்படிப் பெருக்கினால் ஆறு நிரைகள் உருவாவதில்லை. ஒரே நிரையைத்தான் பைத்தான் ஆறு இடங்களிலிருந்தும் சுட்டுகிறது. ஃபார் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் புதிய நிரை ஒன்றைச் செய்து அப்பெண்ட் செய்யுங்கள். நிரைக்குள் 0 என்ற எண்ணை 6 ஆல் பெருக்குவதில் தவறில்லை.

காவேரிப்பட்டணம்: தர்மபுரி–ஓசூர் வழியில் ஆறு ஊர்கள் எடுத்தேன். அடுத்தடுத்த ஊர்களுக்கு மட்டும் 1 வர வேண்டும். நம்பையின் டயாக் (diag) ஃபங்ஷனுக்கு ஆறு 1 கொடுத்தால் 7×7 அணி வருகிறது.

தர்மபுரி, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் என வைத்து 0 முதல் 5 வரை எண் கொடுங்கள். ஊர்கள் ஆறு, அவற்றுக்கு இடையே உள்ள இணைப்புகள் ஐந்துதான். பட்டை அணியில் பெரும்பாலான பிழைகள் இந்த ஒன்றைக் கழிக்க மறப்பதால் வருகின்றன.

ஆஃப்செட் என்பது பட்டை மூலைவிட்டத்திலிருந்து எத்தனை கோடு தள்ளி இருக்கிறது என்ற எண். டயாக் ஃபங்ஷன் உங்கள் பட்டியலின் நீளத்தோடு ஆஃப்செட்டை (கழித்தல் குறி இருந்தால் அதை விட்டுவிட்டு) கூட்டி அணியின் அளவை முடிவு செய்கிறது. ஆறு எண்களும் ஆஃப்செட் 1-ம் கொடுத்தால் 7×7 தான் வரும். ஐந்து 1 கொடுங்கள். ஆஃப்செட் 1 என்றால் மூலைவிட்டத்துக்கு மேலே, −1 என்றால் கீழே. நிரல் எண்ணிலிருந்து நிரை எண்ணைக் கழித்தால் வருவதுதான் ஆஃப்செட். இரண்டு அணிகளையும் கூட்டினால் மொத்தம் பத்து இடங்களில் 1 இருக்கும். தர்மபுரி, ஓசூர் நிரைகளில் மட்டும் ஒவ்வொன்று. இதை எண்ணிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். ஓர் ஊர் தள்ளி அடுத்த ஊருக்கான பட்டை வேண்டுமென்றால் ஆஃப்செட் 2, எண்கள் நான்கு.

பட்டை முழுக்க 1 தான் என்றால் அலகு அணிக்கான ‘ஐ’ (eye) ஃபங்ஷன் வசதியானது. அதற்கு அணியின் அளவையே (6) கொடுக்கிறோம். ஆஃப்செட் மாறினாலும் அளவு மாறாது. ஊர்களுக்கு இடையிலான தூரங்களைப் போட வேண்டுமென்றால் டயாக் தான் வழி.

அரூர்: மூலைவிட்டத்தில் 0.5 போட்டால் 0 ஆகிவிடுகிறது. நம்பையின் ஃபில் டயகனல் (fill_diagonal) பயன்படுத்தினால் அணியே காணாமல் போகிறது.

முழு எண்களை மட்டும் கொடுத்து அணியை உருவாக்கினால் அது இன்ட் வகையாகிவிடும். பிறகு போடும் 0.5-இன் பின்னப் பகுதி எச்சரிக்கை இல்லாமல் வெட்டப்படும். தொடக்கத்திலேயே 2 என்பதற்குப் பதில் 2.0 என்று எழுதுங்கள். ஃபில் டயகனல் இருக்கும் அணியையே மாற்றும். திருப்பித் தருவது None (எதுவும் இல்லை) மட்டும். அதன் விடையை அணியின் பெயருக்கே ஒதுக்காதீர்கள்.

ஓசூர்: 10,000×10,000 மும்மூலைவிட்ட அணி (மூலைவிட்டமும் அதன் மேலும் கீழும் ஒவ்வொரு பட்டையும்). கணினி திணறுகிறது.

முழு அணியாக வைத்தால் 10 கோடி எண்கள். ஒன்றுக்கு 8 பைட் வீதம் 80 கோடி பைட் நினைவகம் போகும். பூஜ்ஜியம் அல்லாதவை 29,998 தான். அவற்றுக்கு இரண்டரை லட்சம் பைட்கூட வேண்டாம். சைபை (SciPy) நூலகத்தில், பூஜ்ஜியங்களைச் சேமிக்காத ஸ்பார்ஸ் (sparse) பகுதியிலுள்ள டயாக்ஸ் (diags) ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். பட்டைகளின் வரிசையும் ஆஃப்செட்களின் வரிசையும் ஒத்திருக்க வேண்டும். பட்டைக்கு ஒரே எண்ணைக் கொடுத்தால் ஷேப்பையும் (அணியின் அளவு) குறிப்பிட வேண்டும்.

சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்கத்தான் அணி என்றால் சைபையின் சால்வ் பேண்டட் (solve_banded) போதும். அதற்கு முதலில் கீழ்ப்பட்டைகளின் எண்ணிக்கை, பிறகு மேற்பட்டைகளின் எண்ணிக்கை கொடுக்க வேண்டும். மூலைவிட்டத்தில் 2, இரு பக்கப் பட்டைகளிலும் −1 உள்ள 4×4 அணிக்கு அது கேட்கும் வடிவம்:

0 −1 −1 −1
2 2 2 2
−1 −1 −1 0

ஒவ்வோர் எண்ணும் தன் நிரலிலேயே நிற்கிறது. அதனால்தான் மேற்பட்டைக்கு முதலிலும் கீழ்ப்பட்டைக்குக் கடைசியிலும் இடம் காலி. காலி இடத்தை நிரப்பும் இந்த 0-ஐ இடம் மாற்றிப் போட்டால் பிழைச் செய்தி வராது, தவறான விடை வரும். இது மிக ஆபத்தானது. பெரிய அளவுக்குப் போகும் முன் 4×4-இல், ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு எண் வைத்து, முழு அணிக்கான சாதாரண சால்வ் (solve) தரும் விடையோடு ஒப்பிடுங்கள்.

ஊத்தங்கரை: மூலைவிட்ட அணியால் இன்னோர் அணியைப் பெருக்கினால் மூலைவிட்டம் மட்டுமே மிஞ்சுகிறது.

நம்பையில் * என்பது உறுப்புக்கு உறுப்பு பெருக்கல். அணிப் பெருக்கலுக்கு @ போட வேண்டும். மூலைவிட்ட அணி இடப்பக்கம் நின்றால் நிரைகள் அந்தந்த எண்ணால் பெருகும், வலப்பக்கம் நின்றால் நிரல்கள். உண்மையில் இதற்கு முழு அணியே தேவையில்லை. மூலைவிட்ட எண்களை ஒற்றை அரேயாக வைத்து * போட்டால் நிரல்கள் பெருகும். அதையே ஒரு நிரலாக ரீஷேப் செய்து * போட்டால் நிரைகள் பெருகும். ஆனால் சைபையின் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் வகையில் * என்பதே அணிப் பெருக்கல். ஆகவே அணிப் பெருக்கல் வேண்டிய இடத்தில் எப்போதும் @ எழுதிப் பழகுங்கள்.