மியூசியமும் வயல்வழியும் ஒரே கமிட்டியில்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சிறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறேன். எங்கள் உள்ளாட்சி கவுன்சிலின் இணையப் பக்கத்தில் வேறு எதையோ தேடப் போய், ஸ்க்ருட்டினி (கண்காணிப்பு) கமிட்டி ஒன்றின் நிகழ்ச்சி நிரல் கண்ணில் பட்டது. மியூசியம், கிராமப்புற நடைவழிகள், கலை மானியம் மூன்றும் அதன் கண்காணிப்பில் இருக்கின்றனவாம். ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம்?

கேட்கக் காரணம் இருக்கிறது. எங்கள் மியூசியம் திறந்திருக்கும் நாட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. வீட்டுக்குப் பின்னால் வயலைக் கடந்து போகும் பொது வழியில் இருக்கும் கேட்டுக்கு யாரோ சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். இரண்டையும் இந்தக் கமிட்டிக்கு எழுதினால் பலன் உண்டா, இல்லை கிணற்றில் போட்ட கல்தானா?

முரளி

அன்புள்ள முரளி,

சம்பந்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் நலம், சாலை, குப்பை என்று கவுன்சிலின் பணம் போகிற இடங்களுக்கெல்லாம் கமிட்டிகளைப் பிரித்துக் கொடுத்தபின் மிச்சம் இருப்பவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். பட்ஜெட்டில் துண்டு விழும்போது கத்தி முதலில் வருவதும் அந்த மூட்டைக்குத்தான். பர்மிங்காமைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் கையில் காசு இல்லை என்று சட்டப்படி அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் நகரின் சிம்பொனி இசைக்குழு, ரெப் நாடக அரங்கம், ஐகான் கலைக்கூடம் ஆகியவற்றின் மானியத்தைப் பாதியாக்கி, அதற்கடுத்த ஆண்டு முழுவதுமாக நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள்.

ஆனால் உங்கள் இரண்டு புகார்களையும் ஒரே உறையில் போட்டு அனுப்பாதீர்கள். கமிட்டி ஒன்றாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவை வேறு வேறு.

நூலகத்தை ஒழுங்காக நடத்துவது கவுன்சிலின் கடமை என்கிறது 1964-ம் ஆண்டின் பொது நூலகங்கள் மற்றும் அருங்காட்சியகங்கள் சட்டம். அதே சட்டம் மியூசியத்தைப் பற்றிப் பேசும்போது, கவுன்சில் விரும்பினால் நடத்தலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. கலைக்குச் செலவு செய்வதும் 1972-ம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி விருப்பத்தைப் பொறுத்ததுதான். நடைவழி அப்படியல்ல. பொது வழியைப் பயன்படுத்தும் மக்களின் உரிமையைக் காப்பது நெடுஞ்சாலைப் பொறுப்பில் உள்ள கவுன்சிலின் கடமை என்று 1980-ம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 130-வது பிரிவு சொல்கிறது (அந்தச் சட்டத்தில் நெடுஞ்சாலை என்றால் நடைவழியும் சேர்த்திதான்). ஆள் இல்லை, பணம் இல்லை என்று கவுன்சில் இழுத்தடிக்கலாம். கடமையே இல்லை என்று கைவிரிக்க முடியாது.

அப்புறம், கமிட்டியின் அதிகாரம். 2000-ம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் பெரும்பாலான கவுன்சில்களில் கேபினட் முறையைக் கொண்டுவந்தது. பத்துப் பேருக்குள் ஒரு குழு முடிவெடுக்கும். மற்ற கவுன்சிலர்கள் அதைக் கேள்வி கேட்க உருவானதுதான் ஸ்க்ருட்டினி. கேபினட்டில் இருப்பவர் இதில் உட்கார முடியாது. கேபினட் உறுப்பினரையும் அதிகாரிகளையும் கூப்பிட்டு விசாரிக்கலாம். எடுத்த முடிவை அமலுக்கு வருமுன் நிறுத்தி, மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பலாம். கேபினட் யோசித்துவிட்டு, முதலில் சொன்னதையே சொன்னால் பெரும்பாலும் கதை அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கூட்டம் ஒன்றில் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த ஊர் என்பது வேண்டாம். மியூசியத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை அதிகாரி வரைபடத்தோடு விளக்கினார். ஒரு கவுன்சிலர் கார் நிறுத்த இடம் போதவில்லை என்றார். இன்னொருவர் பணியாளர்களைப் பாராட்டினார். அதே அறிக்கையின் பின்னிணைப்பில் பொருட்களைப் பராமரிக்கும் பணியிடம் ஒன்று காலியாகவே விடப்படும் என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டவில்லை. அறிக்கை ஏற்கப்பட்டது, அடுத்த பொருளுக்குப் போனார்கள். கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல மாட்டேன். தடித்த காகிதக் கட்டு, சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாத வேலை, வெளியே நல்ல மழை.

கேட்பார் இல்லாத சொத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது, நார்தாம்ப்டன். அங்கே மியூசியத்தில் சேகெம்கா என்ற எகிப்திய அதிகாரியின் சுண்ணாம்புக் கல் சிலை இருந்தது. வயது சுமார் 4,400 ஆண்டுகள், உயரம் இரண்டரை அடி. மடியில் விரித்த பாப்பிரஸ் சுருளோடு உட்கார்ந்திருப்பார். காலடியில், மிகச் சிறிய உருவமாக மனைவி அவர் காலைப் பிடித்துக்கொண்டிருப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்தாம்ப்டன் பிரபு குடும்பத்திடமிருந்து மியூசியத்துக்கு வந்தது. 2014 ஜூலையில் நகர கவுன்சில் அதை லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்குக் கொடுத்தது. 1 கோடியே 57 லட்சம் பவுண்டுக்குப் போனது. பணத்தில் ஒரு பங்கு பிரபுவுக்கு, மற்றது கவுன்சிலுக்கு. எதற்கு விற்றார்களாம்? மியூசியத்தை விரிவுபடுத்த!

ஊர்க்காரர்கள் குழுவாகச் சேர்ந்து எதிர்த்தார்கள். எகிப்து அரசும் கண்டித்தது. சிலை நாட்டைவிட்டுப் போகாமல் இருக்க அரசு தற்காலிகத் தடை போட்டுப் பார்த்தது, அந்த விலை கொடுத்து வாங்க உள்நாட்டில் ஆள் வரவில்லை. கடைசியில் கவுன்சிலுக்குச் சுட்டது வெளியிலிருந்து வந்த ஓர் அடி. கலைக்கும் மியூசியங்களுக்கும் அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் இங்கிலாந்துக் கலை மன்றம் நார்தாம்ப்டன் மியூசியங்களின் அங்கீகாரத்தை ரத்து செய்தது, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு. அந்த அங்கீகாரம் இல்லையென்றால் பல மானியங்களுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தெற்கு லண்டனில் குரோய்டன் கவுன்சில் தன் சீனப் பீங்கான் தொகுப்பிலிருந்து 24 பொருட்களை ஹாங்காங்கில் விற்று இதே கதிக்கு ஆளாகியிருந்தது. அது தெரிந்தும் நார்தாம்ப்டன் விற்றது. நார்தாம்ப்டன் நகர கவுன்சில் என்ற அமைப்பே 2021-ல் கலைக்கப்பட்டு மேற்கு நார்தாம்ப்டன்ஷயர் என்ற பெரிய கவுன்சிலில் கரைந்துவிட்டது. விற்க முடிவெடுத்த அமைப்பு இன்று இல்லை, சிலையும் இல்லை.

ஆகவே மியூசியத்தைப் பொறுத்தவரை, முடிவு வந்தபின் எழுதும் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. முக்கியமான முடிவுகள் எவை என்பதைக் கேபினட் 28 நாட்களுக்கு முன்பே வெளியிட வேண்டும். கூட்டத்தின் காகிதங்கள் ஐந்து முழு நாட்களுக்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். கவனிக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். உங்கள் பகுதிக் கவுன்சிலரைப் பிடித்து, திறக்கும் நாட்களைக் குறைத்தால் அங்கீகாரத்துக்கு என்ன ஆகும், பள்ளிக் குழந்தைகள் எந்த நாளில் வருவார்கள், மிச்சமாகும் பணம் எவ்வளவு என்று மூன்று கேள்விகளைக் கமிட்டியில் கேட்க வையுங்கள். பொதுமக்களே கேள்வி கேட்க நேரம் ஒதுக்கும் கவுன்சில்களும் உண்டு. கமிட்டி முறையாக ஒரு பரிந்துரை செய்தால் கேபினட் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இவ்வளவுதான் உங்கள் கையில் இருப்பது. கொஞ்சம்தான், ஆனால் பூஜ்யம் இல்லை.

பூட்டிய கேட்டுக்கு இத்தனை பாடு வேண்டாம். 1932-ல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் இளைஞர்கள் கிண்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறி ஏறி, சிலர் சிறைக்கும் போனார்கள். அந்தக் காலத்துப் போராட்டங்களின் தொடர்ச்சியாக 1949-ல் ஒரு சட்டம் வந்தது. பொது வழிகளைக் கணக்கெடுத்து அதிகாரபூர்வ வரைபடம் தயாரிக்கச் சொன்னது அதுதான். உங்கள் வழி அதில் இருந்தால், அங்கே பொது வழி இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. முதலில் அதைப் பாருங்கள். உங்கள் பகுதியில் கவுண்டி கவுன்சில், மாவட்ட கவுன்சில் என்று இரண்டு அடுக்கு இருந்தால் வழி கவுண்டியின் பொறுப்பு. மியூசியம் மாவட்டத்தின் கையில் இருக்கலாம்.

அடுத்து, நெடுஞ்சாலைச் சட்டத்தின் 130ஏ பிரிவு. 2000-ம் ஆண்டில்தான் இது சேர்க்கப்பட்டது. வழியில் இருக்கும் தடையை அகற்று என்று கவுன்சிலுக்கு எவரும் நோட்டீஸ் கொடுக்கலாம், குடியுரிமை எல்லாம் கேட்க மாட்டார்கள். கவுன்சில் ஒரு மாதத்துக்குள் என்ன செய்யப் போகிறோம் என்று பதில் தர வேண்டும். இரண்டு மாதம் கழித்தும் தடை அப்படியே இருந்தால் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம். மியூசியத்துக்கு இப்படி ஒரு பிடி சட்டத்தில் இல்லாததுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. அலமாரியைக் காலி செய்தால் நோட்டீஸ் கொடுக்க எந்தப் பிரிவும் கிடையாது.

வயலை உழுதுவிட்டார்கள் என்றால் அது வேறு விஷயம். வயல் நடுவே போகும் வழியை உழ விவசாயிக்கு அனுமதி உண்டு, ஆனால் பதினான்கு நாட்களுக்குள் நடக்கிற மாதிரி திரும்பச் சரி செய்து, குறைந்தது ஒரு மீட்டர் அகலம் விட வேண்டும். வயலோர வழியை உழவே கூடாது.

நோட்டீஸுக்கு முன்னால் ஒருமுறை அந்த விவசாயியிடம் பேசிப் பாருங்கள். ஆடு மாடு வெளியே போகாமல் இருக்கப் பூட்டியிருக்கலாம், சங்கிலிக்குப் பதில் ஆள் மட்டும் நுழையக்கூடிய கேட் வைத்தால் இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது. ஒத்துவரவில்லை என்றால் கவுன்சிலின் நடைவழி அதிகாரிக்கு எழுதுங்கள். வரைபடத்தில் வழிக்கு ஓர் எண் இருக்கும், அதைக் குறிப்பிட்டு, பூட்டின் படத்தைத் தேதியோடு இணைத்து அனுப்புங்கள். நகல் ஒன்று கமிட்டித் தலைவருக்கும் போகட்டும்.