குப்பைக்கு எதற்கு வரைபடம்? கால்வாய்க்கரைக் கேள்வி பதில்

கொழும்பில் உயர்தர மாணவர்களையும் சாதாரண தரம் எழுதிவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, போனில் குப்பையை வரைபடமாக்கி அப்புறம் துப்புரவு செய்யும் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

வெள்ளவத்தை, உயர்தர மாணவி: அக்கா, சிரமதானம் செய்தால் போதாதா? வரைபடம் எதற்கு?

சிரமதானம் முடிந்த ஞாயிறு மாலை இடம் பளிச்சென்று இருக்கும். அடுத்த ஞாயிறு போய்ப் பாருங்கள், அதே மூலையில் அதே லஞ்ச் சீட், அதே யோகட் கோப்பை. அள்ளுவது கை வேலை. ஏன் அங்கேயே திரும்ப வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் படிப்பு.

நாங்கள் ஒரு கால்வாய்க்கரையில் சனிக்கிழமைதோறும் குப்பை கிடக்கும் இடத்துக்கெல்லாம் போன் வரைபடத்தில் புள்ளி வைத்தோம். சில வாரங்களில் புள்ளிகள் இரண்டு மூன்று இடங்களில் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றும் குப்பை லொறி நுழைய முடியாத முடுக்கின் வாசல். லொறி வருகிற நேரத்தில் வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள். பையைக் கட்டி முடுக்கு வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நாய் கிழிக்கிறது, மழை கால்வாய்க்குள் தள்ளுகிறது. அங்கே தேவைப்பட்டது விளக்குமாறு இல்லை, லொறி வரும் நேரத்தை மாற்றச் சொல்லி ஒரு கடிதம். வரைபடத்தை அந்தக் கடிதத்தோடு பிள்ளைகளே எடுத்துக்கொண்டு போனார்கள். பார்ப்பது, அள்ளுவது, யோசிப்பது, மாற்றக்கூடியவரிடம் போய்ச் சொல்வது என்று நாலும் இருந்தால்தான் அது சேவைக் கற்றல். இரண்டோடு நின்றால் வியர்வை மட்டும்தான்.

கொட்டாஞ்சேனை, சாரணர் தம்பி: எந்த ஆப் நல்லது?

பத்துப் பேருக்குள் என்றால் கூகுள் மை மெப்ஸ் போதும். அதற்கு மேல் என்றால் கோபோ டூல்பொக்ஸ். சிறு குழுக்களுக்கு இலவசம், தமிழிலேயே படிவம் செய்யலாம், டேட்டா இல்லாத இடத்திலும் நிரப்பிவிட்டுப் பிறகு அனுப்பலாம். கேள்விகளை ஆறுக்கு மேல் வைக்காதீர்கள். 'நிறையக் குப்பை' என்று எழுத விடாதீர்கள், 'எத்தனை உரப்பை நிறையும்' என்று கேளுங்கள். உங்கள் 'நிறைய' வேறு, உங்கள் நண்பனின் 'நிறைய' வேறு.

தெஹிவளை, ஆசிரியர்: பிள்ளைகள் நூறு படம் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ஒன்றிலும் இடம் இல்லை.

இருக்காது சேர். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதற்குள் இருக்கும் இடக்குறிப்பைக் கழற்றிவிடும். டொகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போன் கமராவில் லொகேஷன் போட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன்னே பாருங்கள். இதை நான் எத்தனையாவது தடவை சொல்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மருதானை, பல்கலைக்கழக மாணவர்: எங்கள் புள்ளிகளெல்லாம் வடதுருவத்துப் பக்கம் கடலில் நிற்கின்றன!

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. கொழும்பு ஏறத்தாழ 6.9 வடக்கு, 79.9 கிழக்கு. மாற்றிப் போட்டால் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே பனிக்கடலில் மருதானைக் குப்பை மிதக்கும். இரண்டு நிரல்களையும் மாற்றிவிடுங்கள். அப்படியே தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அது ஒரு மீட்டர் அளவு. அதற்கு மேல் எழுதுவது வீண், போன் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளித்தான் காட்டும்.

வத்தளை: எந்த ஆப் பாவிக்கலாம்?

கொட்டாஞ்சேனைத் தம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

மட்டக்குளி, இளைஞர் கழகம்: கால்வாய்க்குள் இறங்கிப் படம் எடுக்கலாமா?

கூடாது. கரையில் நின்று எடுங்கள். அந்தத் தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும், காலில் சின்னக் கீறல் போதும் எலிக்காய்ச்சலுக்கு. அள்ளும் நாளில் பூட்ஸ், கையுறை கட்டாயம், உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பீ.எச்.ஐ.) முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல படத்துக்காக யாரும் காய்ச்சலில் படுக்க வேண்டாம்.

பம்பலப்பிட்டி, ஓய்வுபெற்ற ஐயா: குப்பை போடுகிறவர்களின் வீட்டையே புள்ளி வைத்து ஊருக்குக் காட்டுங்கள். வெட்கம் வந்தால்தான் திருந்துவார்கள்.

மாட்டேன் ஐயா. பதினாறு வயதுப் பிள்ளையை அயலாரின் துப்பறிவாளராக்க நான் வரவில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைதான் அதே முடுக்கால் ரியூஷனுக்கு நடக்க வேண்டும்.

கிருலப்பனை, கால்வாய்க்கரைத் தோட்டத்திலிருந்து (நெருக்கமான சிறு வீடுகளின் குடியிருப்பு) ஓர் அம்மா: வீட்டை வைக்காவிட்டாலும் அதேதான் நடக்கிறது. முன்பு பிள்ளைகள் வந்து கீறிய வரைபடத்தில் எங்கள் தோட்டம் முழுக்கச் சிவப்பு. அந்தக் குப்பை மேலேயிருந்து மிதந்து வருவது.

அம்மா, நீங்கள் சொல்வது சரி. எங்கள் முதல் வரைபடமும் இதே பிழையைத்தான் செய்தது, இப்போதும் நினைத்தால் கூசுகிறது. கொழும்பின் கால்வாய்கள் ஒன்றோடொன்று தொடுத்தவை, தண்ணீர் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலில் விழுகிறது, வடக்கே களனி ஆற்றுப் பக்கமும் போகிறது. மேட்டிலிருக்கும் வீட்டின் குப்பை பள்ளத்திலிருக்கும் வீட்டின் வாசலில் தங்கும்.

மறுபடி பம்பலப்பிட்டி ஐயா: மிதந்து வருகிறது என்பது சாட்டு. கண்ணால் பார்த்திருக்கிறேன், கரையிலிருந்து வீசுகிறார்கள்.

வீசுகிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அந்த மலை யாருடைய குப்பை? செத்தவர்கள் கொட்டியதா? உங்களுடையதும் என்னுடையதும் அதில் இருந்தது. கிடக்கும் இடத்துக்காரரைப் போட்டவராக்கும் வரைபடம் பொய் வரைபடம்.

அந்த முதல் வரைபடத்துக்குப் பிறகு புள்ளிகளுக்கு இரண்டு நிறம் வைத்தோம். முடிச்சுப் போட்ட பை, ஒரே இடத்தில் குவியல், உள்ளே சமையல் கழிவு என்றால் 'கொட்டியது'. செடியில் சிக்கி, சேறு பூசி, போத்தலும் ரெஜிபோமும் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) கலந்து கிடந்தால் 'வந்தது'. மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை எண்ணினால் சந்தேகம் தீரும். தோட்டத்துப் பிள்ளைகளையும் எண்ணும் குழுவில் சேருங்கள். அவர்களுக்கு எந்த மழைக்கு எது வரும் என்று தெரியும், நமக்குத் தெரியாது. ஐயா, நீங்களும் ஒரு சனிக்கிழமை வாருங்கள், பிளேன்டீ என் செலவு.

பம்பலப்பிட்டி ஐயா: எத்தனை மணிக்கு?

ஆறரைக்கு.

நீர்கொழும்பு: 2021இல் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலின் பிளாஸ்டிக் மணிகளை எப்படிப் புள்ளி வைப்பது?

மணிக்கொரு புள்ளி வைத்தால் ஆயுசு போதாது. கடற்கரை ஆய்வுகளில் வழக்கமான 100 மீட்டர் துண்டு ஒன்றை அளந்து, அதில் சில இடங்களில் ஓரடிச் சதுரம் போட்டு எண்ணுங்கள். அடுத்த முறையும் அதே துண்டு, அதே சதுரங்கள்.

கொலன்னாவை: குப்பைக் குவியலை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் போடலாமா?

வேண்டாம். அது எல்லோரும் சேர்ந்து வரையும் பொது வரைபடம், நிலையாக இருப்பவற்றுக்கானது. குப்பைத் தொட்டி, பாலம், பெயரில்லாத முடுக்கு இவற்றைப் போடுங்கள், பெயரைத் தமிழிலும் சேருங்கள்.

கிராண்ட்பாஸ்: எந்த ஆப்...

மேலே.

மோதரை, மாணவன்: பழைய டயருக்குள் தண்ணீர். முதலில் படமா, புள்ளியா?

முதலில் தண்ணீரை மண்ணில் கொட்டுங்கள் தம்பி, நுளம்புக்கு ஒரு வாரம் போதும். அப்புறம் படம். டொகுமென்டாக.