ஹபீப் தன்வீர் ஏன் முக்கியமான நாடக இயக்குநராகக் கருதப்படுகிறார்?

1923இல் ராய்ப்பூரில் பிறந்த ஹபீப் தன்வீர், லண்டனில் நாடகப் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1959இல் மனைவி மோனிகா மிஸ்ராவுடன் ‘நயா தியேட்டர்’ குழுவை நிறுவினார். சத்தீஸ்கரின் நாட்டுப்புற நாடக வடிவமான நாச்சாவின் கலைஞர்களை அவர் தம் நாடகங்களில் நடிக்க வைத்தபோது, ஊர் மேடையில் விடிய விடிய ஆடிப் பாடியவர்கள், பழக்கமில்லாத இந்தி வசனத்தாலும், இங்கே நில், அங்கே திரும்பு என்ற கட்டளைகளாலும் களையிழந்து போனார்கள். குறை தம் முறையில்தான் என்று உணர்ந்து, 1970களின் தொடக்கத்தில் அவர்களைத் தாய்மொழியான சத்தீஸ்கரியிலேயே பேசவிட்டு, ஒத்திகையில் அவர்களே புனைந்தவற்றிலிருந்து நாடகத்தைக் கட்டமைத்தாரே, அந்தத் துணிவையே அவருடைய ஆகப் பெரிய சாதனையாக நான் மதிக்கிறேன். அவ்வழியில் 1975இல் உருவான ‘சரண்தாஸ் சோர்’, கொடுத்த வாக்கைக் காப்பதற்காக உயிரையே விடும் திருடனின் கதை. 1982இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஃபிரிஞ்ச் கலைவிழாவில் இந்நாடகம் ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட் விருது பெற்றது. 2009இல் போபாலில் மறையும்வரை அவர் இக்குழுவை நடத்தினார்.