சும்மா கிடக்கும் காணி

வணக்கம் ஐயா,
என் பெரியப்பா நிலாவெளிப் பக்கம் 40 வருடம் காணித் தரகராக இருந்தவர். எத்தனையோ பேருக்கு வளவு வாங்கிக் கொடுத்தவர், கடலோரத்தில் தன் பெயரில் உள்ள 2 ஏக்கர் மணல் திட்டியை மட்டும் விற்க மறுக்கிறார். தாழையும் இராவணன் மீசைப் புல்லும் தவிர அங்கே ஒன்றுமில்லை, சும்மா கிடக்கிறது. துண்டு துண்டாக விற்றால் குடும்பத்துக்கே விடிவு. வாழ்நாளெல்லாம் காணி விற்றவர் இப்போது நிலத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்பது முரண் இல்லையா? அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது?
ம., கொழும்பு

அன்புள்ள ம.,

விலை, பங்கு, காணி உறுதிப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு நொத்தாரிசிடம் கேளுங்கள். கடலிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம், அங்கே கட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்று 1981ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதையும் அவர் சொல்லுவார். எனக்கு உங்கள் கடிதத்தில் குத்தியது ஒரு சொல்தான். சும்மா கிடக்கிறதா, பிள்ளை?

போன ஆவணியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வைத்த தேத்தண்ணி கரித்தது. பிறந்த நாள் முதல் குடித்த கிணறு. கடல் பக்கத்து வளவில் திட்டியை வெட்டிச் சமன் செய்து விடுதி கட்டினார்கள், குழாய்க் கிணறு இறக்கினார்கள், மோட்டார் இரவு பகலாக ஓடுகிறது. அன்று முதல் இதே நினைப்புத்தான்.

எங்கள் வளவை அப்பாவுக்குக் காட்டியவரும் ஒரு தரகர்தான். சைக்கிள் காரியரில் வாளியும் கயிறும் கட்டிக்கொண்டு வருவாராம். அப்பா முதலில் விரும்பியது வேறொரு காணி. மார்கழியில் போய்ப் பார்த்து, முற்பணத்தையும் நீட்டியிருக்கிறார். தரகர் வாங்கவில்லை. "ஆவணியிலே வந்து பாருங்கோ. மாரியிலே எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்." கொமிசனை எட்டு மாதம் தள்ளிப்போட்ட மனிதர். ஆவணியில் அந்தக் கிணறு உவர். பிறகுதான் எங்கள் வளவுக்குக் கூட்டிவந்து, வாளியை இறக்கி, தான் ஒரு மிடறு குடித்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தாராம். பின்பக்கத் திட்டியைக் காட்டி, "அது இருக்குமட்டும் இது இருக்கும்" என்றாராம்.

அவர் சொன்னது கணக்கு. மழை மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உவர் 40 அடி ஏறும். மழையை வாங்கி உள்ளே இறக்கும் மணலை வெட்டி லொறியில் ஏற்றினால் அந்த ஓர் அடி எங்கே நிற்கும்? 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளை ஓயாமல் இறைத்தோம். சில இடங்களில் இறைக்க இறைக்க உவர் கூடியது. கடைசியில் மாரி மழைதான் மெல்ல மெல்லத் தேற்றியது. அந்த மழைக்கும் மணல் வேண்டும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று மேடைதோறும் பேசுகிறோம். மணலைப் பிடித்துவைத்திருக்கும் அதே கொடியைக் கரையில் கண்டால் குப்பை என்று இழுத்து எறிகிறோம்.

முரண் என்று எழுதியது உங்கள் அவசரம். 40 வருடம் ஊரார் கிணறுகளை எட்டிப் பார்த்தவர் அவர். நீங்கள் ஒரு முறையாவது எட்டிப் பார்த்தீர்களா? குடும்பக் கஷ்டம் எனக்கு விளங்காமல் இல்லை. கடன் இருந்தால் அதை அவரோடு உட்கார்ந்து பேசுங்கள், வேறு வழி பாருங்கள். முதியவரைச் சுற்றி நின்று நெருக்காதீர்கள்.

ஆவணியில் லீவு போட்டு வாருங்கள். திட்டிக்குப் பின்னால் உள்ள வீடுகளில் ஒரு வாளி அள்ளிக் குடியுங்கள். பிறகு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், எங்கள் கிணற்றுத் தண்ணீரும் ஒரு செம்பு தருகிறேன். பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.