கட்சி மேடையில் என் மகள் ஆட வேண்டுமா?

மன்னார்குடிப் பக்கமிருந்து ஓர் அம்மா எழுதிய கடிதம் இந்தப் பகுதிக்கு வந்தது. அதே விஷயத்தைத் தொட்டு வேறு சிலரும் கேட்டிருந்ததால் எல்லாவற்றையும் இந்த முறை சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், பதின்மூன்று வயது. விளையாட்டு விழாவுக்காக அவள் பள்ளியில் பெண் பிள்ளைகளைச் சேர்த்து, கையில் ஜிகினா பாம்-பாம் கொடுத்து, கிரிக்கெட்டில் வருகிற சியர் லீடர் மாதிரி ஒரு குழு தயார் செய்தார்கள். ரொம்ப அழகாக ஆடினார்கள். அதைப் பார்த்த கட்சிக்காரர் ஒருவர், தஞ்சாவூரில் நடக்கப்போகிற தேர்தல் பிரசாரக் கூட்டத்தில் தலைவர் வரும்வரை பிள்ளைகள் ஆடட்டும் என்று பள்ளியில் கேட்டிருக்கிறார். டிரெஸ், வேன், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. "எல்லாரும் வருகிறார்கள், உங்கள் பிள்ளை வராவிட்டால் அடுத்த வருஷம் டீமில் இடம் கிடையாது" என்கிறார் பி.டி. சார். மகளுக்குப் போக ஆசை. அவள் அப்பா வேறு கட்சி, அவர் ஒரே கோபத்தில் இருக்கிறார். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. அவள் அப்பா வேறு கட்சி என்பதற்காக இல்லை. அவருடைய கட்சியே கூப்பிட்டிருந்தாலும் என் பதில் இதுதான், அதை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். தேர்தல் வேலையில் குழந்தைகளை எந்த விதத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரி 5 அன்று எல்லாக் கட்சிகளுக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் கொடுப்பது, கோஷம் போடுவது, ஊர்வலத்தில் நடப்பது மட்டும் இல்லை. கட்சியைப் பற்றிப் பாட்டுப் பாடுவது, கவிதை சொல்வது, கட்சிச் சின்னத்தைப் பிடித்துக் காட்டுவது, வேட்பாளர் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்பது வரைக்கும் அதில் வருகிறது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2014-ல் கொடுத்த உத்தரவையும் ஆணையம் அதில் சுட்டிக்காட்டியிருக்கிறது. "வெறும் டான்ஸ்தானே" என்று பி.டி. சார் சொல்லக்கூடும். தலைவர் வரும்வரை ஜனம் கலையாமல் இருக்க வேண்டும் என்றுதான் அந்த டான்ஸையே கேட்கிறார்கள், அப்புறம் அது பிரசாரம் இல்லாமல் வேறென்ன?

உங்கள் மகளுக்குப் பதினான்கு முடியவில்லை என்பது இன்னொரு விஷயம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2017-ல் வந்த திருத்த விதிகளின்படி, சினிமாவிலோ டிவியிலோ வணிக நிகழ்ச்சியிலோ ஒரு குழந்தையை நடிக்கவோ ஆடவோ வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து மூன்று மணி நேரம் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது, ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று கவனிக்கப் பொறுப்பான ஆள் இருக்க வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். காசு பண்ணுவதற்கென்றே நடத்துகிற நிகழ்ச்சியில்கூட ஒரு பிள்ளைக்கு இவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் மகளுக்குச் சொல்லப்பட்டிருப்பது ஒரு வேனும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும்தான்.

இடம் கிடையாது என்ற மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். கேரளாவில் தேசிய கீதம் பாட மறுத்ததற்காகப் பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட மூன்று பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 1986-ல். அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான். தேசிய கீதத்துக்கே ஒரு பிள்ளையைக் கட்டாயப்படுத்த முடியாத நாட்டில் கட்சிக் கூட்டத்துக்கு வரவில்லை என்று எப்படித் தண்டிப்பார்கள்? தனியாகப் போய்ப் பேசாதீர்கள். அதே குழுவில் இருக்கிற இரண்டு மூன்று அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். "எங்கள் பிள்ளைகளைப் பள்ளி நிகழ்ச்சிகளுக்கு மட்டும் அனுப்பச் சம்மதிக்கிறோம், கட்சி நிகழ்ச்சிகளுக்குச் சம்மதம் இல்லை" என்ற இரண்டு வரி போதும். நகலில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதை மறந்துபோகலாம், தாளில் இருப்பதை மறக்க முடியாது.

இனி சட்டத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது. நம் ஊர்க் கூட்டங்கள் நடக்கிற விதம் உங்களுக்கே தெரியும். நாலு மணி என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள், தலைவர் மேடை ஏற ராத்திரி எட்டோ ஒன்பதோ ஆகும். பிள்ளைகளை மத்தியானமே மேக்கப் போட்டு இறக்கிவிடுவார்கள். திலகர் திடல் மாதிரி ஒரு மைதானத்தில், சித்திரை வெயிலில், உடம்பைப் பிடிக்கிற நைலான் டிரெஸ்ஸில், பாத்ரூம் எங்கே என்று யாரைக் கேட்பது என்றுகூடத் தெரியாமல் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகள் நிற்பார்கள். கரூர் வேலுசாமிபுரத்தில் 2025 செப்டம்பர் 27 அன்று நெரிசலில் குழந்தைகள் உட்பட 41 பேர் செத்துப்போனார்கள். பகலெல்லாம் காத்திருந்த கூட்டம் அது. அதற்குப் பிறகும் நம் பிள்ளைகளை அப்படி ஓர் இடத்துக்கு வேனில் ஏற்றி அனுப்ப ஒரு பள்ளிக்கு எப்படி மனசு வருகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

அடுத்தது வீடியோ. அமெரிக்காவில் 2016 ஜனவரியில் ஃப்ளோரிடா மாநிலம் பென்சகோலாவில் டிரம்ப்பின் பிரசாரக் கூட்டத்தில் தேசியக் கொடி நிறத்தில் உடை போட்ட மூன்று சிறுமிகள் பாடி ஆடினார்கள். சில நாளில் அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. டிரம்ப்பைப் பிடிக்காதவர்கள் அவரைத் திட்டுவதற்குப் பதில் அந்தப் பிள்ளைகளைக் கேலி செய்தார்கள். நம் ஊரில் ஐ.டி. விங் என்ன வேகத்தில் வேலை செய்கிறது, பெண் பிள்ளை ஆடுகிற வீடியோவுக்குக் கீழே என்னென்ன எழுதுகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். உங்கள் மகள் பிளஸ் டூ முடித்து, கல்லூரி போய், வேலைக்குப் போய், அப்போது தனக்கென்று ஓர் அரசியல் கருத்து வந்து, அது அந்தக் கட்சிக்கு நேர் எதிராகவும் இருக்கலாம். அந்த வீடியோ மட்டும் அப்படியே கிடக்கும்.

மகளிடம் "கூடாது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அவளுக்கு ஆசை கட்சி மேல் இல்லை, பெரிய மேடையில் பெரிய கூட்டத்துக்கு முன்னால் ஆடுவதில். அந்த ஆசை நல்ல ஆசை. ஆண்டு விழா, மாவட்ட அளவிலான போட்டி, ஊர்த் திருவிழாவில் பிள்ளைகளுக்கென்று நடக்கிற நிகழ்ச்சி என்று அவளுக்கு ஒரு மேடையைத் தேடிக் கொடுங்கள், அதைத் தேடித் தருவதாக இப்போதே அவளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் தாங்களாகவே கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு அப்பா அம்மாவோடு கூட்டத்துக்கு வருகிறார்கள். ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். அவர்களை விரட்டவா முடியும்?
– ஒன்றியப் பொறுப்பாளர், நாகப்பட்டினம்

பதில்: விரட்ட வேண்டாம். பெற்றோரோடு வந்து நிற்கிற பிள்ளை பிரசார வேலை எதிலும் இல்லை என்றால் அது மீறல் ஆகாது என்று ஆணையத்தின் அதே உத்தரவு சொல்கிறது. மேடையில் ஏற்றாதீர்கள், மைக்கைக் கையில் கொடுக்காதீர்கள், கட்சிப் பக்கத்தில் அந்த முகத்தைப் போடாதீர்கள். முன்வரிசைக்கும் மேடைக்கும் நடுவில் பிள்ளைகளோடு வந்தவர்களுக்குத் தனி இடமும் வெளியே போகத் தனி வழியும் விட்டு வையுங்கள்.

கேள்வி: கும்மி, கோலாட்டம், பொய்க்கால் குதிரை பிறந்து வளர்ந்த தஞ்சை மண்ணில் சியர் லீடர் என்ற பெயரில் பெண்களைக் குட்டைப் பாவாடையில் ஆடவிடுவது கலாசாரச் சீரழிவு இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவையாறு

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது ஐயா. ஆனால் நான் அந்த இடத்தில் உங்களோடு நிற்க முடியாது. இந்த ஆட்டம் பெண்களை வேடிக்கை காட்டுவதற்காகப் பிறந்ததில்லை. 1898-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் தன் கல்லூரி அணிக்காகக் கூட்டத்தைக் கோஷம் போட வைத்ததிலிருந்து அதன் கதையைச் சொல்வார்கள். முதல் இருபது முப்பது வருஷம் அது முழுக்க ஆண்களின் வேலை. ஐசனோவரும் ரீகனும் ஜார்ஜ் புஷ்ஷும் படிக்கிற காலத்தில் அந்தக் குழுக்களில் இருந்தவர்கள், பிற்பாடு நாட்டுக்கே அதிபர் ஆனார்கள். இன்றைக்கு அதில் ஆளைத் தூக்கி வீசிப் பிடிக்கிற வித்தை, ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாம் இருக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதன் சம்மேளனத்துக்கு 2021-ல் முழு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. நமக்கு அது 2008-ல் ஐ.பி.எல். வழியாக வந்ததால் வெறும் கவர்ச்சியாக மட்டும் தெரிந்துவிட்டது.

நான் எதிர்ப்பது அந்த ஆட்டத்தை இல்லை, பாவாடையின் நீளத்தையும் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பட்டுப் பாவாடை கட்டிக் கோலாட்டம் ஆடித் தலைவரை வரவேற்றாலும் எனக்கு அதே எதிர்ப்புதான். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை என்பதால் அதுதான் நம் பக்கம் அதிகமாக நடக்கிறது. மந்திரி வருகிறார் என்று ரோட்டோரம் இரண்டு வரிசையாகப் பூத்தட்டோடு பிள்ளைகளை நிறுத்தி வைக்கிறார்களே, அதைப் பற்றி நீங்கள் எழுதினால் பழைய மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள் ஐயா. ஆசிரியர் சொன்னால் இங்கே இன்னும் மதிப்பு இருக்கிறது.

கேள்வி: நாங்கள் கல்லூரி முடித்த ஏழு பேர், டான்ஸ் குழு வைத்திருக்கிறோம். திருவிழா சீசன் முடிந்தால் வேலை இல்லை. கட்சிக் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா? இரண்டு கட்சிக்கும் ஆடினால் கேவலமாகப் பேசுகிறார்கள்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போங்கள் தம்பி. நீங்கள் வயது வந்தவர்கள், இது உங்கள் தொழில். தவில்காரர் எந்தக் கட்சி வீட்டுக் கல்யாணத்துக்கும் வாசிக்கிறார், அவரை யாரும் கட்சி கேட்பதில்லை. ஆனால் தொழில் என்றால் தொழிலாகவே செய்யுங்கள். பாதிப் பணம் முன்பணமாகக் கைக்கு வந்த பிறகே டிரெஸ் எடுங்கள். எத்தனை மணிக்கு ஏறுவது, எத்தனை பாட்டு, தலைவர் லேட்டானால் கூடுதல் நேரத்துக்கு என்ன, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன அந்த அமெரிக்கச் சிறுமிகள் குழுவை நடத்தியவரே, சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை என்று அதே வருஷம் டிரம்ப்பின் பிரசாரக் குழு மேல் வழக்குப் போட்டார். அண்ணன் பார்த்துக்கொள்வார் என்ற பேச்சை நம்பி ஆடிவிட்டு அலைகிற குழுக்கள் நம் பக்கம் நிறைய.

தேர்தல் நேரத்தில் வேட்பாளருக்காக ஆடினால் உங்கள் சம்பளம் அவருடைய தேர்தல் செலவுக் கணக்கில் வர வேண்டும். சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பு 40 லட்சம் என்று 2022-ல் வைத்தார்கள். அதனாலேயே சிலர் ரசீது வேண்டாம் என்பார்கள். ரசீது இல்லாத நிகழ்ச்சிக்குப் போகாதீர்கள், பணம் வராவிட்டால் கேட்பதற்கு உங்கள் கையில் எதுவும் இருக்காது. குழுவில் யாருக்காவது ஒரு கட்சி மேடை பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கு அவர் வராமல் இருக்கட்டும், அதற்காக அடுத்த நிகழ்ச்சியில் அவரை ஒதுக்காதீர்கள். 2017-ல் டிரம்ப் பதவியேற்பு விழாவுக்கு நியூயார்க்கின் ராக்கெட்ஸ் நடனக் குழு போனபோது ஆடப் பிடிக்காத பெண்கள் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்கள், விருப்பமில்லாதவர்கள் வர வேண்டியதில்லை என்று நிர்வாகம் சொல்ல வேண்டி வந்தது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஆள் குறைகிறது என்று பத்தாவது படிக்கிற தம்பியையோ தங்கையையோ சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எனக்குப் பதினாறு வயது. ஒரு தலைவரை எனக்கு உண்மையாகவே பிடிக்கும், அவர் பேச்செல்லாம் கேட்டிருக்கிறேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானும் தோழிகளும் அவர் கூட்டத்தில் ஆட நினைக்கிறோம். எங்களுக்கு உரிமை இல்லையா?
– மாணவி, மயிலாடுதுறை

பதில்: வந்த கேள்விகளிலேயே கஷ்டமானது உன்னுடையதுதான் தங்கச்சி. உனக்குக் கருத்து இருக்கிறது, அதை யாரும் சின்னப் பிள்ளைப் பேச்சு என்று தள்ளக் கூடாது. 1965-ல் மொழிக்காகத் தெருவுக்கு வந்தவர்களில் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் தங்கள் கோரிக்கையைத் தங்கள் வாயால் சொன்னார்கள். நீ ஆடப்போகிற மேடையில் உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரப்போவதில்லை. தலைவரைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று உன்னை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். தேர்தல் நேரமானால் உன்னை ஆடவிட்டதற்கு அந்தக் கட்சி மேலேயே புகார் போகும், உனக்குப் பிடித்த தலைவருக்கு அது நல்லதும் இல்லை.

பள்ளி டிரெஸ் போட்டுக்கொண்டு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போகாதே. அமெரிக்காவில் வட கரோலினாவில் 2019-ல் ஒரு பள்ளியின் சியர் லீடர் பெண்கள் யூனிஃபார்மில், மேட்சுக்கு முன்னால், டிரம்ப் பேனரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். தாங்களாக எடுத்ததுதான். மாநில விளையாட்டுச் சங்கம் மொத்தக் குழுவையும் கண்காணிப்பில் வைத்தது. அது அளவுக்கு மீறிய நடவடிக்கை என்று நிறையப் பேர் சண்டை போட்டார்கள், எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் யூனிஃபார்ம் உனக்கு மட்டும் சொந்தமில்லை, உன் வகுப்பில் அந்தத் தலைவரைப் பிடிக்காத பிள்ளைக்கும் அதே யூனிஃபார்ம்தான்.

வீட்டில் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவரோடு போய்க் கூட்டத்தைக் கேள். எதிர்க் கட்சிக் கூட்டத்தையும் ஒரு தடவை கேள். உங்கள் தெருவில் வாய்க்கால் தூர்வாரவில்லை என்றால், பஸ் வரவில்லை என்றால், அந்தத் தலைவருக்கே உன் பெயர் போட்டுக் கடிதம் எழுது, பதில் வருகிறதா என்று பார். அவரை எடைபோட உனக்கு அது ரொம்ப உதவும்.

கேள்வி: நான் ஒரு பள்ளியில் பஸ் ஓட்டுகிறேன். கூட்டத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னால் என் நிலைமை என்ன?
– ஓட்டுநர், பட்டுக்கோட்டை

பதில்: பள்ளிக்குச் சொந்தமான பஸ்ஸை அந்தப் பள்ளியின் வேலைகளுக்காக மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஏற்ற மட்டுமே பயன்படுத்தலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. கட்சிக் கூட்டம் பள்ளி வேலை இல்லை. வழியில் ஏதாவது ஆனால் முதலில் மாட்டுவது நீங்கள்தான் அண்ணே, இன்ஷூரன்ஸும் பிரச்சினையாகும். தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு, எங்கே எதற்குப் போகிறது என்று எழுதிக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு நின்றுவிடும். நிற்காவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு என்றால் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் ஒரு படம் எடுத்துப் போட்டாலே போதும், பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.