எலும்பு கூடிவிட்டது, தொடை ஏன் எரிகிறது?

பொகவந்தலாவைப் பகுதியில் கொழுந்து பறிக்கும் 46 வயதுப் பெண்ணொருவர் கேட்டிருக்கிறார். மலைச்சரிவில் வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்பு கூடாததால், 14 மாதங்களுக்கு முன் வலது இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். எலும்பு இப்போது கூடிவிட்டது. ஆனால் வலது தொடையின் வெளிப்பக்கம் தீயாய் எரிகிறது, சேலை உரசினாலும் பொறுக்க முடியவில்லை. கொழும்பில் ஸ்கேன் எடுத்து 'நரம்பு மாற்றும்' ஒப்பரேஷன் செய்யலாம், முதலில் பணம் கட்டுங்கள் என்கிறாராம் தெரிந்த ஒருவர்.

பணம் கட்டாதீர்கள். உங்கள் அறுவைச் சிகிச்சையும் தவறிப்போகவில்லை. வலி எலும்பு வைத்த இடத்தினுடையது அல்ல, எலும்பு எடுத்த இடத்தினுடையது. இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி ஒரு மெல்லிய நரம்பு தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு இறங்குகிறது. எலும்பைச் செதுக்கி எடுக்கும்போது அது இழுபடலாம், அல்லது பின்னர் ஆறும் தழும்பில் சிக்கிக்கொள்ளலாம். அது தொடுவுணர்வை மட்டும் சுமக்கும் நரம்பு என்பதால் எரிவும் மரத்துப்போதலும் வருமே தவிர, காலின் பலம் குறையாது. இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உட்புறமாக விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். தொடையில் சுரீரென்று ஓடினால் பெரும்பாலும் இதுதான்.

மலைக்குப் போகும்போது உடுப்பு நனையாமல் இடுப்பில் கட்டும் தடித்த விரிப்பான படங்கையும் கவனியுங்கள். அதன் கயிறு அநேகமாக இந்த நரம்பின் மேலேயே நாள் முழுவதும் அழுத்துகிறது. கயிற்றுக்குப் பதிலாக நான்கு விரல் அகலத் துணிப்பட்டியைத் தழும்பில் படாமல் தளர்வாகக் கட்டுங்கள். இந்தச் சிறு மாற்றத்தாலேயே வலி கணிசமாகக் குறைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பனடோலும் டைக்லோபெனக்கும் இந்த வலிக்கு அதிகம் உதவா. டைக்லோபெனக்கை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும்தான் மிஞ்சும். நரம்பு வலிக்கு வேறு மருந்துகள் உள்ளன. வழக்கமாக அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமை இரவில் தொடங்கி வைத்தியர் மெல்லக் கூட்டுவார். உறங்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எடுத்தால் காலைப் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு) தூக்கக் கலக்கத்தோடு போக வேண்டியிராது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். பலர் ஐந்தாம் நாளே "மருந்து கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். இதற்குப் பதிலாகக் கபாபென்டின் அல்லது பிரிகாபலின் தரப்பட்டால், அவற்றைத் திடீரென நிறுத்தவும் கூடாது, வைத்தியர் எழுதிய துண்டில்லாமல் பார்மசியில் வாங்கவும் கூடாது. வலி பாதியாகக் குறைந்தாலே அதை வெற்றியாகக் கொள்ளலாம்.

குறையாவிட்டால் நரம்பருகே மரக்கச் செய்யும் ஊசி போடலாம். நரம்பை விடுவிக்கும் அல்லது வெட்டும் அறுவை கடைசி வழி. 'மாற்றுவது' என்பது தரகரின் கற்பனை. இத்தனை மெல்லிய நரம்பைப் பற்றிச் சாதாரண ஸ்கேன் பெரும்பாலும் எதுவும் சொல்லாது, ஆனால் அழைத்துப் போகிறவருக்குக் கமிஷன் கிடைக்கும். பெயரில்லாத உறையில் தூள் விற்பவர்களிடமும் போகாதீர்கள். இரண்டே நாளில் வலி பறந்தால் அதில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கிறதோ என்று சந்தேகியுங்கள்: முகம் ஊதும், சீனி ஏறும், நீண்ட நாள் எடுத்தபின் சட்டென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே எடுப்பவராயின் நிறுத்துவதற்கு முன் அந்த உறையோடு வைத்தியசாலைக்குப் போங்கள்.

நான் சொன்ன இந்தப் பொறுமை ஒரு நிலைமைக்குப் பொருந்தாது. தழும்பு அல்லது எலும்பு வைத்த இடம் சிவந்து சூடானாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சலோடு புது வலி தொடங்கினாலோ அது நரம்பு வலியல்ல, எலும்பில் கிருமித் தொற்றாக இருக்கலாம். ஒரு வருடம் கழிந்துவிட்டதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். உள்ளே தகடோ கம்பியோ இருந்தால் தொற்று மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் தலைதூக்கும். கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் அன்டிபயோட்டிக் வாங்கி ஒரு வாரம் கடத்துவது நோயை மறைக்கத்தான் உதவும்.

கிளினிக்கில் மாதம் ஒரு புது முகம், ஒரு நிமிடப் பார்வை, பழைய மருந்தே மீண்டும். எலும்பு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது டயக்னோசிஸ் கார்டில் ஆங்கிலத்தில் ஒரு வரியாக இருக்கும், அதை யாரும் உங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். ஆகவே அடுத்த முறை அந்தக் கார்டோடு போய், முறிந்த காலைக் காட்டாமல் இடுப்புத் தழும்பையும் எரியும் தொடையையும் காட்டுங்கள். ஊசிக்காக மயக்க மருந்து வைத்திய நிபுணரிடம் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை. இடுப்பில் இறுக்கிக் கட்டாத வேலை தரும்படி தோட்டத்துக்கு ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னால் கங்காணி காதில் ஏறாது.